கன்றுக்குப் போன அமிர்தம் பொடி

பாலக்காடு மாவட்டத்தில் ஊட்டச்சத்தைப் பற்றிப் பேசத் தகுதியுள்ள ஒரே ஆள் நான்தான். சித்தூர் அரசுக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பொருளாதாரம் படிக்கிறேன். ஐந்தே முக்கால் அடி உயரம். அங்கன்வாடிப் பொடியை வாயில் வைத்ததே இல்லை. வேறென்ன ஆதாரம் வேண்டும்?

முதலமடையில் எங்களுக்குப் பன்னிரண்டு ஏக்கர் மாந்தோப்பு. ஆகவே அக்கா தமிழ்ப்ரியாவின் பத்து மாதக் குழந்தை மௌனிகாவுக்கு அங்கன்வாடி தரும் அமிர்தம் பொடி எங்கள் கன்றுக்குட்டிக்குப் போனது.

"தோப்பு வெச்சிருக்கறவன் ஊட்டுப் புள்ளைக்கு ஓசிப் பொடி எதுக்கு?" என்பார் அப்பா சென்னியப்பன். ஓசி என்பதால் வாங்காமலும் விடமாட்டார். கலக்கிக் கன்றுக்கு வைப்பது என் இலாகா. குழந்தைக்குச் சோற்றுக் கஞ்சி.

அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாளில் அக்காவையும் குழந்தையையும் பைக்கில் கூட்டிப்போனேன். அங்கே யோகப்பிரியா டீச்சர் ஒரு பையனுக்கு அந்தப் பொடியில் காய்ச்சிய கூழை ஊட்டிக்கொண்டிருந்தார். கையை இறக்கையாக அடித்து, "கா, கா" என்றார். வீடியோ எடுத்து, 'பணி நேரத்தில் பறவை' என்று கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

மௌனிகா ஆறரை கிலோ இருந்தாள். எடை அட்டையில் அவள் கோடு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கியிருந்தது.

"பொடி குடுக்கறீங்களா கண்ணு?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"கன்னுக்குட்டிக்குப் போயிருதுங்க டீச்சர்," என்றாள் அக்கா.

"கன்னு எப்பிடியிருக்குது?"

"ஜம்முன்னு இருக்குதுங்க," என்றேன்.

"அப்பப் பொடி நல்லாத்தான் வேலை செய்யுது." டீச்சர் சிரிக்கவில்லை. "ஒரு மாசம் பாக்கறேன். எடை ஏறலீன்னா ஆஸ்பத்திரிக்கு எழுதோணும். ரெண்டு வாரம் அங்கயே இருக்கற மாதிரி ஆயிரும்."

வழக்கமாக என் காதைப் பிடித்தால் விடாதவள் மௌனிகா. அன்று பிடித்தாள், உடனே விட்டுவிட்டாள். வீடு வரும்வரை பைக்கை மெதுவாகவே ஓட்டினேன்.

மறுநாள் முதல் கன்றுக்குப் பிண்ணாக்கு, குழந்தைக்குப் பொடி. அப்பா முறைத்தார். "ஆஸ்பத்திரில நீங்க போய்ப் படுத்துக்கறீங்களாப்பா?" என்றாள் அக்கா. அதன்பிறகு அவர் தோப்புப் பக்கம் போய்விட்டார்.

குழந்தைதான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அக்கா கிண்ணத்தை என் கையில் திணித்தாள். "பெரிய நிபுணனாச்சே. நீயே ஊட்டு."

யாரும் பார்க்காதபடி குழந்தையைத் தொழுவத்துக்குப் பின்னால் தூக்கிப்போனேன். கால்மணி நேரத்தில் கிண்ணம் காலி.

"எப்பிடிடா?"

"அது உளவியல்."

உளவியல் தினம் மூன்று வேளை நடந்தது. அடுத்த மாதம் ஏழு கிலோ. கோடு மேலே திரும்பிப் பச்சையைத் தொட்டது. அக்கா அந்த அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எப்பிடி ஊட்டுனீங்க தம்பி?" என்றார் டீச்சர்.

"விஞ்ஞான முறைப்படிங்க."

"இங்கயும் கொஞ்சம் செஞ்சு காட்டுங்க." போன மாதம் பார்த்த அதே பையனையும் கூழ்க் கிண்ணத்தையும் என்னிடம் தந்தார். அவன் வாய் பூட்டியிருந்தது. "உங்க வீடியோ எனக்கும் வந்துதுங்க. நான் படமெல்லாம் புடிக்கமாட்டேன்."

சுற்றிலும் எட்டுத் தாய்மார்கள். கரண்டியை எடுத்தேன். முழங்கையை உடம்போடு ஒட்டி, கொஞ்சமே கொஞ்சம் அசைத்தேன்.

"கா," என்றேன், மெதுவாக.