மகளைப் பிரித்தல்

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு துளி அமிலம் இருந்தது. அதில் ஐன்ஸ்டைனியம் கரைந்திருந்தது. பார்வைக்கு வெறும் தண்ணீர்.

இயற்கையில் இல்லாத தனிமம் அது. எங்கோ ஓர் அணு உலையில் ஆண்டுக்கணக்காகச் சமைத்து எடுத்ததில் இந்த ஆய்வகத்தின் பங்குக்கு வந்தது கண்ணுக்குத் தெரியாத அளவு. அதுவும் வந்த நாள் முதல் அழிந்துகொண்டிருந்தது. அதன் அணு, பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனை எவ்வளவு தூரத்தில் வைத்துக்கொள்கிறது என்று அளக்க வேண்டும். தனிம அட்டவணையின் கீழ்க்கோடியில் விதிகள் தடுமாறுகின்றன. எப்படித் தடுமாறுகின்றன என்பதை அந்த ஓர் எண் கொஞ்சம் சொல்லும்.

இடைஞ்சல் மகளால் வந்தது. ஓர் அணு சிதைந்து இன்னோர் அணுவாக மாறினால், முதலாவதைத் தாய் என்றும் இரண்டாவதை மகள் என்றும் சொல்வது இந்தத் தொழிலில் வழக்கம். ஐன்ஸ்டைனியத்தின் மகள் பெர்க்கிலியம். அது கக்கும் கதிர் கருவியின் கண்ணை மறைத்துவிடும். அதனால் அளப்பதற்குச் சற்று முன்னால் மகளைப் பிரித்து எடுப்பார்கள். மூன்று மணி நேரத்தில் பாதி மகள் மறுபடி வளர்ந்துவிடும். அதற்குள் அளந்தாக வேண்டும்.

ஆய்வாளரான அவள் பெட்டியில் பொருத்தியிருந்த கையுறைகளுக்குள் கைகளை நுழைத்து, ஒல்லியான கண்ணாடிக் குழல் வழியாகச் சொட்டுச் சொட்டாக அமிலத்தை இறக்கினாள். மகள் ஒரு குப்பியில் இறங்கியது. தாய் இன்னொன்றில் இறங்கியது. தாயை உறைக்குள் அடைத்து, சுவரில் இருந்த சிறு கதவு வழியே எக்ஸ்ரே கூடத்துக்குத் தள்ளிவிட்டாள்.

கூடத்துக்குப் போக உடைமாற்றும் அறையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கதிர்த்தூசி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கருவியில் கைகளையும் கால்களையும் காட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. அலமாரியைத் திறந்து போனை எடுத்தாள். உள்ளே போன் கூடாது.

திரையில் மகளின் செய்தி திறந்தபடியே இருந்தது. காலையில் வந்தது. பெற்ற மகள்.

"தனியா ஒரு வீடு எடுத்திருக்கேன்மா. ஞாயித்துக்கிழமை வர்றியா? வர்றேன்னா சொல்லு, அட்ரஸ் அனுப்பறேன்."

பெற்றோர் பிரிந்தபோது அப்பாவோடு போன மகள். அதன் பிறகு ஹோட்டலில் பார்த்திருக்கிறார்கள், பூங்காவில் பார்த்திருக்கிறார்கள், ஒருமுறை ஆஸ்பத்திரி வாசலில். வீட்டுக்கு வா என்று சொன்னதில்லை. அவள் காலையில் பேருந்தில் பலமுறை பதில் எழுதி அழித்திருந்தாள். ரொம்ப ஆசைப்படுவது போலவும் இருக்கக் கூடாது, ஒப்புக்குச் சொல்வது போலவும் இருக்கக் கூடாது. மாலையில் நிதானமாக எழுதலாம் என்று விட்டிருந்தாள்.

இப்போது மீட்டருக்குச் சொல்ல வேண்டும். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரிக்கு அந்தப் பெயர். கல்யாண வீட்டுக்குப் போனாலும் கையில் மீட்டரோடுதான் போவார் என்று கேலி. அவர் வந்து அளந்து பார்க்காமல் உறையை யாரும் தொடக் கூடாது. அவள் வேகமாக எழுதினாள்.

"மகளைப் பிரிச்சாச்சு. இப்பத்தான் நிம்மதி. திரும்ப வந்து தொல்லை குடுக்கறதுக்குள்ள வேலையை முடிக்கணும்."

அனுப்பினாள். அலமாரியைப் பூட்டினாள். புது அங்கி, புது கையுறை, புது காலுறை.

மீட்டர் வர நேரமானது. வந்தவர் முகத்தைச் சுளித்தார்.

"என்ன டாக்டரம்மா, முடிஞ்சதும் சொல்றேன்னீங்க. நானா கிளம்பி வந்தேன்."

"மெசேஜ் போட்டேனேண்ணே."

"எனக்கு ஒண்ணும் வரல."

"போட்டேன். மகளைப் பிரிச்சாச்சுன்னு..."

போனில் திறந்தபடி இருந்தது யாருடைய செய்தி என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மீட்டர் உறையை அளந்துகொண்டே இருந்தார். அப்புறம் நிமிர்ந்து பார்த்தார். "ஏன், யாருக்குப் போட்டீங்க?"

அவள் சொன்னாள். எழுதியதை வார்த்தை மாறாமல் சொன்னாள். மீட்டருக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கினார்.

"போய் ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடுங்க."

"கழட்டி மாட்டி வர்றதுக்குள்ள மகள் வளந்துடும்."

"வளந்தா வளரட்டும். நாளைக்குப் பிரிச்சுக்கலாம்."

"நாளைக்கு மெஷின் நமக்கு இல்லண்ணே. மறுபடி கிடைக்கறப்ப அளக்க என்ன மிச்சம் இருக்கும்?"

"நான் போய்ப் பேசறேன். நம்பர் சொல்லுங்க."

அவள் வாயைத் திறந்தாள். பெர்க்கிலியத்தின் கதிர் ஒவ்வொன்றின் ஆற்றலும் அவளுக்கு மனப்பாடம். மகளின் எண் போனில்தான் இருந்தது.

"போனைத் திறந்து பாக்கட்டுமா?"

"என் விரல் வச்சாத்தான் திறக்கும்."

"விரலைக் கழட்டி என்கிட்ட குடுக்க முடியாதே," என்றார் மீட்டர். யாரும் சிரிக்கவில்லை. அவர் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். "இப்பவும் சொல்றேன், போயிட்டு வாங்க."

அவள் உறையைக் கருவியில் பொருத்த ஆரம்பித்தாள். அதைச் சரியான கோணத்தில் நிறுத்த அங்கே அவளுக்கு மட்டும்தான் கை வரும். மீட்டர் கதவை விட்டார். அது தானாகச் சாத்திக்கொண்டது.

திரையில் கோடு ஏறி இறங்கி அலை அலையாக வந்தது. இதுவரை யாரும் பார்க்காத அலை. மிகத் தெளிவாக இருந்தது. அதைக் காட்டிச் சொல்ல ஆள் வேண்டும் போலிருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. மறுபடி திரையைப் பார்த்து எண்களைக் குறித்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அலமாரியில் போன் இருந்தது. மகளிடமிருந்து ஒரே ஒரு பதில்: "சரிம்மா."

கட்டடத்தின் சுவர் தடிமனானது. உள்ளே வைஃபையில் செய்தி மட்டும் போய் வரும்; பேசுவதற்கு வாசல் படிக்கட்டில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே போய் அழைத்தாள். மகள் எடுத்தாள்.

"பாப்பா, அது உனக்கு எழுதினது இல்ல."

"என்னம்மா?"

"மகள்ங்கிறது ஒரு தனிமம். பெர்க்கிலியம். அதை நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். எங்க ஆபீஸர் அண்ணனுக்கு அனுப்ப வேண்டியது, கை தவறி உனக்கு வந்துடுச்சு."

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது.

"தனிமமா? கடவுளே. நான் பாத்ரூம்ல போய் அழுதேன்மா. பக்கத்து சீட்டுக்காரிகிட்ட காட்டினேன். உங்கம்மா சீரியல் வில்லியாடின்னா."

"அவகிட்ட சொல்லு, நான் வில்லி இல்லன்னு."

"சொல்றேன், சொல்றேன். ஆமா, இப்படியா பேரு வைப்பாங்க? அப்ப மருமகன் யாரு?"

"அதெல்லாம் இல்ல."

"மாமியார் தொல்லை இல்லாத குடும்பம். குடுத்து வச்சது."

இருவரும் சிரித்தார்கள். அவள் படியில் உட்கார்ந்தாள். மகள் இப்படிச் சிரித்துக் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

"எனக்கு வந்துடுச்சுன்னு உனக்கு எப்பம்மா தெரிஞ்சுது?"

இப்பத்தான் என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

"மத்தியானமே."

"மத்தியானமேயா?"

"உள்ள இருந்தேன். வெளிய வந்தா அளக்கறது கெட்டுப் போயிருக்கும். அது வளந்துடும். அந்த..."

"மகள்."

"ஆமா."

மகள் இருந்த இடத்தில் யாரோ ஜன்னலை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அளந்தாச்சா?"

"ஆச்சு. நல்லா வந்திருக்கு."

"நல்லதும்மா," என்றாள் மகள். குரலில் கோபம் இல்லை. கடைக்காரரிடம் மீதிச் சில்லறை வாங்கும்போது பேசும் குரல்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன் பாப்பா. காலையிலயே வர்றேன்."

"பாக்கலாம்மா."

"அட்ரஸ்?"

"அனுப்பறேன். வேலையா இருக்கேன், வச்சுடட்டுமா?"

வைத்துவிட்டாள்.

அவள் படியிலேயே இருந்தாள். வேலை முடிந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார்கள். கடைசியாக மீட்டர் வந்தார். தோளில் பை, கையில் குடை.

"என்னம்மா இங்க உக்காந்துட்டீங்க? வண்டி வரணுமா?"

"இல்லண்ணே. ஒரு அட்ரஸ் வரணும்."

"வந்துடும்," என்றார் அவர். ஒரு நிமிடம் நின்றார். பிறகு பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

அவள் போனின் வெளிச்சம் அணையும்போதெல்லாம் தொட்டு எழுப்பிக்கொண்டிருந்தாள்.