இறக்காத மல்லாட்டைக் கட்டு

சித்திரை மாதம் பதினோராம் தேதி காலை பத்தே முக்காலுக்கு, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கரும்புச் சாறு குடித்துக்கொண்டிருந்த கலையரசி மூன்று நொடி இல்லாமல் போனாள். டம்ளர் விழுந்து உடைந்தது. மூன்று நொடி கழித்து அதே இடத்தில், அதே சேலையில் நின்றாள். பாதத்தில் மட்டும் ஈரச் செம்மண், காதோரம் ஒரு மல்லாட்டை இலை, வேர்க்கடலைச் செடியின் இலை. வண்டிக்காரர் டம்ளருக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார். இல்லாமல் போனதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. டம்ளரை உடைத்துவிட்டு இல்லாமல் போகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருந்தார்; திரும்பி வந்தது இவள்தான் முதல் ஆள்.

காரணம் தெரிய ஒன்பது நாள் ஆயிற்று. அதற்குள் ரேஷன் கடை வரிசையில் நான்கு தடவை இடத்தைப் பறிகொடுத்தாள், கேப்பைக் கூழை இரண்டு தடவை அடிபிடிக்க விட்டாள். வல்லத்திலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் ஒரு நாள் மறைந்து, மறைந்த இடத்திலேயே திரும்ப வந்தாள். பஸ் மட்டும் நூறு அடி தள்ளிப் போயிருந்தது. கண்டக்டர் விசில் அடித்து நிறுத்தி, "இன்னாம்மா, எறங்கறதுன்னா சொல்லிட்டு எறங்கக் கூடாதா?" என்று சத்தம் போட்டார். பத்தாவது நாள், அவள் புருஷன் குமரேசன், விழுப்புரம் மார்க்கெட்டில் தக்காளி இறக்கிவிட்டுக் குட்டியானை வண்டியை ஓரங்கட்டி, டீ ஆறும்வரை போனில் ஒரு பாட்டு போட்டான். இரண்டு நிமிஷம் பதினாலாவது நொடியில், பாடிக்கொண்டிருக்கும் பையனுக்குப் பின்னால், தலையில் மல்லாட்டைச் செடிக் கட்டோடு தன் பெண்டாட்டி வரப்பில் இடமிருந்து வலமாக நடந்து போவதைப் பார்த்தான். நம்பாமல் திரும்பப் போட்டான். அதையும் நம்பாமல் இன்னும் இரண்டு தடவை போட்டான். ஐந்தாவது தடவை போடுவதற்குள் வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. "அங்க இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க? நாலு வாட்டி வயல்ல எறக்கி ஏத்திட்டாங்க என்னை! இங்க ஒல கொதிச்சிக்கினு இருக்கு!" என்றாள் கலையரசி.

பாடியவன் பிரவீன்குமார். திண்டிவனத்துக்காரன். ரயில்வேக்காரர்கள் அந்த ஊருக்கு வைத்திருக்கும் மூன்று எழுத்தைத் தன் பெயருக்கு முன்னால் மாட்டிக்கொண்டு, டிஎம்வி பிரவீன் என்று பாடிக்கொண்டிருந்தான். முதல் வீடியோவை மேம்பாலத்துக்குக் கீழே எடுத்தான்; அதை அவன் சொந்தக்காரர்கள் பார்த்தார்கள். இரண்டாவதைத் திருவக்கரைக் கல்மரங்களுக்கு நடுவே எடுத்தான். காவலாளி துரத்தியது நன்றாக வந்திருந்ததால் அதை நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். மூன்றாவதற்குப் பச்சையாக ஒரு வயல் வேண்டும் என்று பங்குனியில் வல்லம் பக்கம் வந்தான். அந்த வயலில் முதல் நாள் தண்ணீர் விட்டு, மறுநாள் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பிடுங்கிய கூலியாட்களில் ஒருத்தி கலையரசி. தலைச்சுமையோடு வரப்பில் வருகிறவர் "ஒரு கை குடு" என்று கேட்டால் எதிரில் நிற்கிறவர் எதையும் போட்டுவிட்டுக் கை கொடுத்து இறக்கிவிட வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போன பங்காளிகள்கூட முதலில் இறக்கிவிட்டு அப்புறம்தான் சண்டையைத் தொடருவார்கள். கழுத்து விட்டுப்போய் வந்த கலையரசி, எதிரில் கறுப்புக் கண்ணாடியோடு நின்ற பிரவீனிடம், "தம்பி, ஒரு கை குடு" என்றாள். அவன் கேமராவைப் பார்த்த முகத்தைத் திருப்பாமல், "ஷாட் முடியட்டும்க்கா" என்றான். அவள் வாய்க்குள் திட்டிக்கொண்டே கடந்து போய், களத்தில் கட்டைத் தானே தள்ளிவிட்டு, நாலு நாள் கழுத்துக்குத் தைலம் தேய்த்தாள். கேமராக்காரன் அந்த நடை ரொம்ப இயல்பாக இருக்கிறது என்று அதை வைத்துக்கொண்டான்.

குமரேசன் சும்மா இருக்கிறவன் இல்லை. எல்லை எதுவரை என்று பார்த்துவிட்டான். பெங்களூரில் இருக்கும் மச்சான் நாற்பது தடவை போட்டும் ஒன்றும் ஆகவில்லை. புதுச்சேரியில் போட்டாலும் ஆகவில்லை. முகையூரில் போட்டால் போனாள். மரக்காணத்தில் போட்டால் போனாள். விழுப்புரம் மாவட்டத்துக்குள் எங்கே யார் போட்டாலும், அந்த இரண்டு நிமிஷம் பதினாலாவது நொடிக்கு அவள் வரப்பில் நடக்க வேண்டும். ஒரே நேரத்தில் பத்துப் பேர் போட்டால் ஒரு நடை போதும் என்பது ஒன்றுதான் சலுகை. அவளே புதுச்சேரிக்குப் போய் ஒரு வாரம் இருந்து பார்த்தாள், அங்கிருந்தும் இழுத்தது. கூடுதலாக வந்தது வாடகைதான்.

வைகாசியில் அவள் முழுகாமல் இருப்பது தெரிந்தது. குமரேசனுக்கும் மாமியார் வீரம்மாளுக்கும் தெரிந்த மறுவாரமே வீடியோவுக்குக் கீழேயும் தெரிந்துவிட்டது. போவது அவளேதான் என்பதால், வரப்பில் நடப்பவளின் வயிறும் மாதா மாதம் வளர்ந்தது. "அக்காவுக்கு நாலு மாசம் இருக்கும்" என்று ஒருத்தன் எழுதினான். "சுமை தூக்காதீங்கக்கா" என்று நூற்றுக்கணக்கானவர்கள் எழுதினார்கள். எழுதிவிட்டு, தூக்குகிறாளா என்று பார்க்கத் திரும்பப் போட்டார்கள். அக்கறைப்பட்டவர்கள் கூடக் கூட அவள் நடையும் கூடியது. ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அறுநூறு தடவை நடந்தாள். கால் வீங்கியது. வீங்கிய காலைப் பார்த்து வெந்நீரில் வைக்கச் சொல்லி எண்பது பேர் எழுதினார்கள். "நல்லவங்க பேஜாரு தாங்கல அத்தே" என்று மாமியாரிடம் அழுதாள் கலையரசி.

அவளைக் குட்டியானையில் வைத்து, மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டி, பிரவீனின் வீட்டுக்கு மூன்று தடவை கூட்டிப்போனான் குமரேசன். முதல் தடவை அவன் இல்லை. இரண்டாவது தடவை இருந்தான், அழித்துவிடச் சொன்னதற்கு, "கம்பெனிகிட்ட குடுத்துட்டேன்க்கா, என் கையில இல்ல. வேணும்னா உங்க மூஞ்சிய மங்கலாக்கிடறேன், யாருக்கும் தெரியாது" என்றான். ஆக்கினான். அன்றைக்கே இங்கே கலையரசியின் முகமும் மங்கிவிட்டது. தேய்த்த சிலேட்டுப் பலகை மாதிரி ஒரு முகத்தோடு பதினோரு நாள் இருந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா அட்டையில் இருந்த போட்டோவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, தெளிவாக வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். மூன்றாவது தடவை போய் மங்கலை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தான். கூடவே, மனசு கேட்காமல், 'நன்றி: கலையரசி அக்கா' என்று பாட்டின் தொடக்கத்தில் எழுத்தும் போட்டுவிட்டான். யார் அந்த அக்கா என்று பார்க்க மேலும் ஒன்றரை லட்சம் பேர் வந்தார்கள்.

கார்த்திகையில், விழுப்புரத்தில் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்கு நடுவே அவள் ஏழு தடவை இல்லாமல் போனாள். "எங்கம்மா போற? முக்குற நேரத்துல எங்க போற?" என்று டாக்டரம்மா கடைசியில் கும்பிட்டே விட்டார். பிறந்த அரைமணி நேரத்தில் வீடியோவுக்குக் கீழே வாழ்த்துகள் வந்துவிட்டன, வயிறு இல்லையே என்று. ஆணா பெண்ணா என்று கேட்டவர்களுக்குக் குமரேசன் கோபத்தில் பதில் சொல்லாமல் இருந்தான். பிரவீன் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவனே சொல்லிவிட்டான்.

இதுவரை நடந்ததையெல்லாம் கலையரசி பொறுத்துக்கொண்டாள். இருபத்தி மூன்றாம் நாள் நடந்ததைப் பொறுக்க முடியவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பத்துக்காக முதுகைத் தட்டிக்கொண்டிருந்தவள், தட்டுகிற கையோடு மறைந்துபோனாள். தோள் போனது, பிள்ளை அந்தரத்தில் நின்றது, விழுந்தது. கீழே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த வீரம்மாள் மடியை விரித்தாள். கீரையோடு கீரையாகப் பிள்ளை வந்து விழுந்தது. கலையரசி திரும்பி வந்தபோது கால் நிறையச் சேறு, கை வெறுங்கை. வீரம்மாள் அப்புறம் பிள்ளையைக் கொடுக்கவில்லை. பால் கொடுக்கிற நேரத்துக்குப் பாயில் படுக்க வைத்து, பக்கத்தில் இவளையும் படுக்க வைத்து, தான் காவல் இருந்தாள். "கோவத்துல இல்லடி கண்ணு, பயத்துல" என்றாள். எழுபது நாள் ஆனது. தெருவில் போகிற வருகிற பொம்பளைகளெல்லாம் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போன பிள்ளையை, பெற்றவள் மட்டும் ஒரு தடவைகூட எழுந்து நின்று கையில் ஏந்தவில்லை.

கலையரசி பாயில் படுத்துக்கொண்டே யோசித்தாள். அங்கே போகும்போதெல்லாம் கட்டு தலையில் இருக்கிறது, வரும்போது இல்லை. போகும்போதெல்லாம் அவளும் "தம்பி, ஒரு கை" என்று சொல்லத்தான் சொல்கிறாள். மூன்று நொடியில் அவ்வளவுதான் வாயில் வருகிறது, அதையும் பாட்டு அமுக்கிவிடுகிறது, அவனோ எப்போதும் போல அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறான். இதை மாமியாரிடம் சொன்னாள். வீரம்மாள் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, "பின்ன? ஷாட் முடியட்டும்னான். முடிச்சானா? ஒவ்வொருத்தனும் போட்டுக்கினே இருந்தா எங்க முடியும்? அவன் கை குடுத்து எறக்கற வரைக்கும் நீ நடக்க வேண்டியதுதான்" என்றாள், உலையில் அரிசி போதுமா என்று சொல்கிற குரலில். இவ்வளவு தெரிந்தவள் பத்து மாதமாக ஏன் சொல்லவில்லை என்று குமரேசன் கத்தினான். "எங்கிட்ட யாருடா கேட்டீங்க? போன்லயே தேடிக்கினு இருந்தீங்க" என்றாள் வீரம்மாள்.

நான்காவது தடவையும் பிரவீன் வீட்டுக்குப் போனார்கள். கை கொடுக்கத் தயார்தான், ஆனால் பழைய வீடியோவுக்குள் எப்படிப் போவது என்று கேட்டான். நியாயமான கேள்விதான். அதோடு, மாசி மாதம் விழுப்புரத்தில் கச்சேரி, ஒத்திகை இருக்கிறது, ஜல்தி போகணும் என்று கிளம்பிவிட்டான். கலையரசி அவன் மேடை நிகழ்ச்சிகள் பதினேழையும், அந்த வீடியோ இல்லாததாகப் பார்த்து, போனில் ஓடவிட்டாள். எல்லாவற்றிலும், அந்தப் பாட்டில் அவள் நடக்கிற அந்த இடம் வரும்போது, பிரவீன் கூட்டத்தைப் பார்த்தபடியே மைக்கைத் தோளுக்கு மேல் பின்னால் தூக்கிப் பிடித்து, கூட்டத்தைப் பாடவிட்டான். அவன் முதுகுக்குப் பின்னால் இருபதடி உயரத் திரை. விழுப்புரத்தில் அதில் அந்த வீடியோவும் ஓடும் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. கலையரசி போனை அணைத்தாள். அன்று நன்றாகச் சாப்பிட்டாள்.

கச்சேரி அன்று மாலை ஆறரைக்கு அவள் வீட்டில், பாயில், கையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குமரேசன் மைதானத்தில் நாலாயிரம் பேரோடு நின்றான். பாட்டு வந்தது. இரண்டு நிமிஷம் பதினாலாவது நொடியில் திரையில் இருபதடி கலையரசி கட்டோடு நடந்து வந்தாள். பிரவீன் மைக்கைப் பின்னால் தூக்கினான். அவள் நடையை விட்டாள். குனிந்து மைக்கில் வாயை வைத்து, "தம்பி, ஒரு கை குடு" என்றாள். மைதானம் முழுக்கக் கேட்டது. ரயில்வே ஜங்ஷனில் நின்றவர்களுக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். கூட்டம் பாட்டை நிறுத்தியது. "குடுறா கைய!" என்று குமரேசன் கத்தினான். "கை குடு! கை குடு!" என்று நாலாயிரம் பேரும் பிடித்துக்கொண்டார்கள், அது பாட்டில் ஒரு பகுதி என்று நினைத்தவர்களும் அதில் உண்டு. பிரவீன் திரும்பினான். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக, கட்டுச் சுமந்து நிற்கிற அவள் முகத்தை நேராகப் பார்த்தான். "ஷாட் போய்க்கினு..." என்று ஆரம்பித்து, வாயை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் திரைக்குள் நீட்டினான். கட்டு இறங்கியது. இருபதடி உயரத்திலிருந்து இறங்குகிற கட்டைக் கையில் தாங்க முடியாமல் தலையில் வாங்கிக்கொண்டான். கலையரசி கழுத்தை இப்படியும் அப்படியும் ஒரு தடவை திருப்பினாள். வல்லத்து வீட்டில் பாய்மேல் வந்து உட்கார்ந்தாள். காலில் மண் இல்லை. மாமியார் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தாள்.

மேடையில் பிரவீன் கட்டோடு நின்றான். ஈரம் காயாத பச்சைச் செடி, முப்பது கிலோ. "யாராச்சும் ஒரு கை குடுங்கப்பா" என்று நாலாயிரம் பேரைப் பார்த்துக் கேட்டான். நாலாயிரம் பேரும் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையும் ஒழியவில்லை. குமரேசன் மேடையை நோக்கி முண்டிப் பார்த்தான், முன்னால் நின்றவர்கள், "மறைக்காதீங்க அண்ணே, எடுத்துக்கினு இருக்கோம்" என்று இழுத்துவிட்டார்கள். பிரவீன் அப்படியே மேடையின் இடது பக்கத்திலிருந்து வலது பக்கமாக நடந்து, படியில் இறங்கிப் போனான்.

அதற்குப் பிறகு இந்த மாவட்டத்தில் யார் என்ன படம் எடுத்தாலும் பின்னால் மூன்று நொடி பிரவீன் கட்டோடு நடந்து போகிறான். நகைக்கடை விளம்பரத்தில் போகிறான், பூப்புனித நீராட்டு விழாவில் போகிறான், செஞ்சி பக்கம் எருமை காணோம் என்று ஒருவர் எடுத்துப் போட்ட வீடியோவிலும் போகிறான். இவ்வளவு படங்களில் தோன்றிய பாடகர் வேறு யாரும் இல்லை. கல்யாண வீடியோக்காரர்கள் முதலில் சண்டைக்குப் போனார்கள். இப்போது தாலி கட்டும் நேரம் மட்டும் தவிர்த்தால் போதும் என்று அவன் அம்மாவிடம் தேதியைச் சொல்லிவிடுகிறார்கள். பாட்டு எழுத அவனுக்கு நேரம் கிடைப்பதில்லை.

அடுத்த கார்த்திகையில் பிள்ளைக்கு முதல் பிறந்தநாள். திண்டிவனத்தில் வாங்கிய கேக்குக்கு முன்னால் கலையரசி பிள்ளையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நிற்க, குமரேசன் போனைத் தூக்கினான். எதிர்பார்த்தபடி வாசல் பக்கமிருந்து பிரவீன் வந்தான். கறுப்புக் கண்ணாடி இல்லை, கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பிள்ளை அவனைப் பார்த்துக் கையாட்டியது, பழகின முகம். "அக்கா, ஒரு கை குடுக்கா" என்றான்.

"கை ஒழியல தம்பி" என்றாள் கலையரசி, பிள்ளையை இடது இடுப்பிலிருந்து வலது இடுப்புக்கு மாற்றிக்கொண்டு.