டம்மி ஓவன் சொன்ன பதில்

ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் பெயிண்ட் பூசிய இரும்பைக் காய வைக்க ஒரு ஓவன் உண்டு. நாலு ஆள் உள்ளே நின்று வேலை பார்க்கலாம், அவ்வளவு பெரிசு. வரும் திங்கட்கிழமை முதல் அதற்கு ஸ்விட்ச் போட ஆள் தேவையில்லை. குறித்த நேரம் வந்ததும் ஜாவாவில் எழுதிய மென்பொருளே சூடேற்றச் சொல்லி உத்தரவு போடும். அதைச் சோதித்துப் பார்ப்பது ஹீனாவின் வேலை.

சோதனைக்காக நிஜ ஓவனையா கொளுத்துவார்கள்? கம்ப்யூட்டருக்குள் ஒரு டம்மி ஓவனை அவளே எழுதி வைத்திருந்தாள். கடிகாரத்தைத் திங்கட்கிழமை காலைக்குத் தள்ளிவிட்டால் உத்தரவு போகும். சூடேறத் தொடங்கியதாக டம்மி "சரி" என்று சொல்லும். அந்த ஒரு சொல்லைத் தவிர அதற்கு வேறெதுவும் தெரியாது.

சனிக்கிழமை மத்தியானம் அது, "உள்ளே ஆள்" என்றது.

"ஜெகதீஷ் அண்ணா, வெளாட்டுக்கும் ஒரு அளவு வேணாமா?" பக்கத்து நாற்காலியில் இருந்த டீம் லீடரைக் கடிந்துகொண்டாள்.

"அட, நான் அதத் தொடவே இல்லம்மா. மறுபடி ஓட்டிப் பாரு."

ஓட்டினாள். "உள்ளே முஹ்சின்."

முஹ்சின் அவள் புருஷன். அதே ஓவனுக்குள் போய்த் துடைப்பவன். திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் அவனுடையது. நிரல் முழுக்கத் தேடினாள். அந்தப் பெயர் எங்குமே இல்லை. ஜெகதீஷ் எட்டிப் பார்த்தபோது டம்மி சாதுவாக "சரி" என்றது.

"பேய்க்குப் பயந்து தேதிய தள்ளுவாங்களா?" என்று சிரித்துவிட்டு, திங்கட்கிழமையே மென்பொருளை நிஜ ஓவனில் ஓட்ட அவன் அனுமதி கொடுத்துவிட்டான், பாவி.

மூக்கண்டப்பள்ளி வீட்டில் அவள் அழுத அழுகைக்கு முஹ்சின் மசிந்தான். "சரி புள்ள, திங்கக்கெழம லீவு போட்டுர்றேன். போதுமா?" அல்ஹம்துலில்லாஹ் என்று நிம்மதியாகத் தூங்கினாள். அவன் இடத்தில் யார் போவார்கள் என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை காலை முதல் ஆளாக ஆபீசுக்கு வந்து டம்மியை ஓட்டினாள்.

"உள்ளே சுடலைமுத்து."

வீட்டுக்குப் போன் போட்டாள். "ஏங்க, சுடலைமுத்துங்கறது யாரு?"

"நம்ம திருநெல்வேலிக்கார அண்ணன்தான். எனக்குப் பதிலா அவருதான் இன்னிக்கு ஓவன் தொடைக்கறாரு. ஏன் கேக்கற?"

போனைப் போட்டுவிட்டு மென்பொருளை நிறுத்தப் பாய்ந்தாள். விரல் கீபோர்டில் படுவதற்குள் திரையில் புதிதாக ஒரு வரி வந்து விழுந்தது. நிஜ ஓவன் அனுப்பிய முதல் பதில் அது.

"சரி."