குடிக்காமல் வாங்கிய எருது

வேலி போட்டது முதலிலா, ஆற்றங்கரை மரங்களை வெட்டியது முதலிலா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. பெரிய உலகச் சண்டை முடிந்து சில வருஷம் கழித்து என்பது மட்டும் ஞாபகம். நான் தப்பாகச் சொன்னால் திருத்த எங்கள் ஊர் வாலேனியில் இன்னும் ஆள் இருக்கிறது. எருது விஷயத்தில் யாரும் திருத்த மாட்டார்கள்.

அதுவரை வியாழக்கிழமைச் சந்தை ஆற்றோரம் தன்பாட்டுக்கு நடந்தது. தலைநகர் புக்கரெஸ்டில் யாருக்கோ அது பிடிக்கவில்லை. ஒரு சட்டம் வந்தது. அதன் பின்னால் வட்டார அதிகாரி வந்தார். அவர் பின்னால் பலகை வேலி, பச்சைப் பெயிண்ட் அடித்த வாசல், மாட்டை ஏற்றி நிறுக்கும் தராசு, விற்பனைக் காகிதத்தில் முத்திரை குத்த ஒரு ஜன்னல். வேலிக்குள் நடப்பது மட்டுமே வியாபாரம். வேலிக்குள் சாராயம் கூடாது. திறப்பு விழாவில் பேண்டு வாசித்தார்கள். தராசு அன்றே மக்கர் பண்ணியது. அதற்கும் கைதட்டினார்கள்.

இந்தச் சந்தை வேண்டும் என்ற மனுவில் முதல் கையெழுத்து நிகித்தாவுடையது. பேப்பர் படிப்பவன், பேசுவதைவிடப் பேசாமல் இருப்பதிலேயே ஆளைச் சிறுமைப்படுத்தத் தெரிந்தவன். கைமேல் கை அடித்து, சாட்சிகளோடு ஆளுக்கொரு கிளாஸ் பிளம் சாராயம் குடித்து விலையை உறுதி செய்வதை நாங்கள் அல்டமாஷ் என்போம். நிகித்தா அதைத் தொண்டையில் எழுதும் பத்திரம் என்பான்.

அந்த வசந்தத்தில் அவனுடைய ஜோடி எருதில் ஒன்று வயிறு உப்பிச் செத்தது. மிஞ்சிய புஜோர் தனியாக ஏர் இழுக்காது. விதைப்புக்குள் ஜோடி அமையாவிட்டால் அந்த வருஷம் நிலம் சும்மா கிடக்கும். மேல்தெரு கவ்ரிலாவிடம் அதே உயரத்தில், அதே கொம்பு வளைவில் ஓர் எருது இருந்தது. வேலிக்குள் விலை படிந்தது. நிகித்தா பணத்தைக் கொடுத்தான்.

"சரி மாப்ளே, கடைக்கு வா. ஒரு கிளாஸ் போட்டு முடிச்சுக்கலாம்," என்றான் கவ்ரிலா.

"எதை முடிக்கணும்? முத்திரை குத்தியாச்சுன்னா முடிஞ்சுது."

"முத்திரை நாக்குல ஒட்டுமா?"

"உன் நாக்குல எதுவும் ஒட்டாதுன்னுதான் முத்திரையே வச்சிருக்கான்."

நிகித்தா ஜன்னல் வரிசையில் போய் நின்றான். அவமானப்பட்ட கவ்ரிலா எருதை ஓட்டிக்கொண்டு சாராயக்கடைக்குப் போனான். கசாப்புக்காரன் இலாரியே அங்கே உட்கார்ந்திருந்தான். கை அடித்தார்கள், கிளாஸ் காலியானது, கடையே சாட்சி.

நிகித்தா முத்திரைக் காகிதத்தோடு வந்தபோது எருது இலாரியேயின் வண்டியில் கட்டியிருந்தது. கவ்ரிலா அவன் பணத்தை மேஜைமேல் எடுத்து வைத்தான்.

"நீ குடிக்கலை. குடிக்காதவனுக்கு நான் எதையும் விக்கலை," என்றான்.

யாரும் சிரிக்கக்கூட இல்லை. அவ்வளவு சாதாரணமாக அதை நம்பினார்கள். அதுதான் நிகித்தாவைக் குத்தியது.

இலாரியே கெட்டவனில்லை. "அண்ணே, உனக்கு ஏருக்கு வேணும், எனக்குக் கத்திக்கு. இங்க இருக்கிறவங்களுக்கு ஒரு சுத்து வாங்கிக் குடு, நீயும் ஒண்ணு குடி. நான் விட்டுக் குடுக்கறேன்."

நிகித்தா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். வெளியே எருது வாலால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. ஒரு கிளாஸ்தான். ஆனால் அதைக் குடித்தால் மனு, கையெழுத்து, இத்தனை வருஷம் இவர்களைப் பார்த்து அவன் சுளித்த முகம் எல்லாம் சேர்ந்து உள்ளே இறங்கும்.

"மாடுகளோட உக்காந்து நான் குடிக்கறதில்ல," என்று சொல்லிவிட்டு அதிகாரியிடம் போனான்.

அதிகாரி மகிழ்ந்துபோனார். அவருடைய சட்டத்துக்குக் கிடைத்த முதல் வழக்கு. வழக்கில் உள்ள மாட்டை விசாரணைவரை சந்தைப் பட்டியில் அடைக்க வேண்டும் என்று விதி இருந்தது, அடைத்தார். விசாரணைக்கு நாள் குறித்தார். பக்கத்து ஊரில் இன்னொரு பச்சை வாசலைத் திறக்கப் போனதால் தள்ளிவைத்தார். பிறகு ஈஸ்டர் வந்தது.

"பக்கத்து வயல்ல முளையே வந்தாச்சு," என்றாள் நிகித்தாவின் மனைவி சவேத்தா. "இன்னும் காகிதத்தைத்தான் தடவிட்டிருக்கே. அதையே ஏர்ல கட்டி உழு."

கடைசியில் தீர்ப்பு நிகித்தாவுக்குச் சாதகமாகவே வந்தது. எருது அவனுடையது என்றார் அதிகாரி. பட்டியில் தின்ற தீனிக்கான கட்டணமும் அவனுடையது என்றார். அதைக் கட்ட எருதை ஏலம் விட்டார்கள். வேலிக்குள், முறைப்படி, சாராயம் இல்லாமல். எலும்பும் தோலுமாக நின்ற அதை இலாரியே வாங்கினான்.

நிகித்தா அந்த வருஷம் விதைக்கவில்லை. புஜோரையும் விற்றுவிட்டு ரயில்பாதை வேலைக்குப் போனான், அங்கேயே செத்தான். சவேத்தா நிலத்தைக் கவ்ரிலாவுக்குக் குத்தகைக்கு விட்டாள், கிளாஸை அவளே கடைசிச் சொட்டுவரை குடித்து. அதிகாரிக்கு மாற்றலும் பதக்கமும் கிடைத்தன. வேலிப் பலகைகளை ஒரு குளிர்காலத்தில் ஊர்க்காரர்கள் அடுப்புக்கு எடுத்துப் போனார்கள். இலாரியே இன்னும் கசாப்புக்கடை வைத்திருக்கிறான். அந்த எருதின் இறைச்சி வேகவே இல்லை என்கிறான்.