கழுத்து வலியும் பதினைந்து பந்துகளும்

எங்கள் பில்லியர்ட்ஸ் சங்கத்துப் பந்துகள், குனிந்து முகம் பார்த்து அழைக்காதவருக்காக உருளுவதில்லை. தூத்துக்குடிக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர்கள் முதல் நாள் நின்றபடியே கோலால் இடித்துப் பார்ப்பார்கள். வெள்ளைப் பந்து மட்டும் போகும். அது தபால்காரர் மாதிரி. யார் அனுப்பினாலும் போய் வாசலைத் தட்டிவிட்டுத் திரும்பிவிடும். எண் போட்ட பதினைந்தும் அசையாது. முறை தெரிந்தவர்கள் தாடை மேசையைத் தொடும் அளவுக்குத் தலையைத் தாழ்த்தி, ஒரு நொடி அப்படியே இருப்பார்கள். அதுதான் அழைப்பு. அதன்பின் லேசாகத் தட்டினால் போதும், பந்து எழுந்து பாக்கெட்டுக்குப் போய்விடும்.

இதில் குறை சொல்ல எதுவுமில்லை. என் தங்கை கல்யாணத்துக்கு என் சித்தப்பாவை அவசரத்தில் போனில் அழைத்துவிட்டோம். பதினொரு வருஷம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை அவர். மனிதருக்கு உள்ள ரோஷம் பந்துக்கு மட்டும் இருக்கக் கூடாதா?

நான் நன்றாக அழைப்பேன். துறைமுகத்தில் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் அலுவலகத்தில் நான் இருபது பேரில் ஒருவன். வீட்டிலோ, அலமாரிக் கதவைச் சரியாக மூடத் தெரியாதவன் என்று பெயர். சங்கத்தில் மட்டும் ‘ரெமிஜியுஸ் வந்துட்டார்’ என்று நாற்காலிகளை என் மேசைப் பக்கம் திருப்பிப் போடுவார்கள். பத்தொன்பது வருஷமாக எனக்கிருந்த பவிசு அது ஒன்றுதான். அதை நான் கொஞ்சம் அதிகமாகவே அனுபவித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பிப்ரவரி பதினைந்தாம் தேதி, மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுப் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கழுத்தில் சடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அது தொட்டியில் கேட்ட சத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கெட்டியான ஒரு பட்டையைக் கழுத்தைச் சுற்றி மாட்டினார்.

“மே இருபத்தொண்ணு வரைக்கும் குனியப்படாது. செருப்பு மாட்டுறதுக்குக்கூட.”

எனக்குச் செருப்பு பெரிய கவலையில்லை. எங்கள் சங்கத்தில் ஒரு விதி உண்டு. தொடர்ந்து மூன்று மாதம் ஒரு பந்தைக்கூட விழுத்தாத உறுப்பினரின் கோலைச் சங்கம் எடுத்துக்கொள்ளும். நுனியில் கொக்கி கட்டி, முருங்கை மரம் வைத்திருக்கும் உறுப்பினர் யாருக்காவது தொரட்டியாகக் கொடுத்துவிடும். கோல் போனால் ஆளும் போன கணக்குத்தான். வேறு கோலைத் தொட அனுமதி கிடையாது. நான் கடைசியாகப் பந்து விழுத்தியது பிப்ரவரி பதினான்கு. கெடு மே பதினான்கில் முடியும். டாக்டர் சொன்ன தேதிக்கும் அதற்கும் ஒரு வாரம் இடித்தது.

அப்படித் தொரட்டியாகிப்போன மூன்று கோல்களை எனக்குத் தெரியும். ஒன்று அலுவலகம் போகும் வழியில்தான் இருக்கிறது. அதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இப்போது முகம் மட்டும் திரும்பாது என்பதால் ஆளே முழுசாகத் திரும்பி நின்றேன்.

கழுத்து போன ஆட்டக்காரன் என்று பெயர் வாங்க எனக்கு விருப்பமில்லை. பட்டைக்கு மேலே ஒரு மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, தொண்டை கட்டியிருக்கிறது என்று சங்கத்தில் சொல்லிவிட்டேன். கத்திரி வெயிலிலும் அதே மஃப்ளர்தான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அதன்பிறகு என்னால் முடிந்ததையெல்லாம் செய்துபார்த்தேன். பதினைந்து பத்திரிகை அச்சடித்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, வெள்ளைப் பந்திடம் கொடுத்தனுப்பினேன். மறுநாள் பதினைந்தும் மேசையின் ஓரமாக ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தன. எட்டாம் பந்துக்குப் போனதைப் பிரிக்கக்கூட இல்லை. தலையைத் தாழ்த்தினால்தானே தப்பு என்று, முதுகை நேராக வைத்து முழங்காலை மட்டும் மடக்கி மேசைக்கு முன்னால் உட்கார்ந்தும் பார்த்தேன். கண் மட்டத்துக்கு வந்துவிட்டேன். ஆனால் விறைத்த கழுத்தோடு வாசலில் வந்து உட்காருகிறவனை யார் வரவேற்பார்கள்? விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் மாதிரி இருந்திருப்பேன். சிவப்பான மூன்றாம் பந்து ஓர் அங்குலம் பின்னால் நகர்ந்துகொண்டது.

மே பன்னிரண்டாம் தேதி செயலாளர் காசிராஜன் அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து நின்றார்.

“தொண்ட இன்னும் சரியாவலையா ரெமிஜியுஸ்?”

“ஆவுது அண்ணாச்சி.”

“இன்னும் ரெண்டு நாளுதான் கெடக்கு. நமக்குள்ள மனத்தாங்கல் வேண்டாம். சட்டம்லா.”

அவர் சட்டைப் பையில் கொக்கி எட்டிப் பார்த்தது. அவர் வீட்டு முருங்கை அந்த வருஷம் காய்த்துத் தொங்கியது ஊருக்கே தெரியும். ஆனாலும் நல்ல மனிதர். அந்த மரத்தைப் பற்றி என்னிடம் ஒரு தடவைகூடப் பேசவில்லை.

பதினான்காம் தேதி மத்தியானம் சாப்பிடும்போது என் மனைவி ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, கை கழுவி, நல்ல சேலை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

ஜெசிந்தாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அழைப்பு என்று வந்துவிட்டால் அவளை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. பதினொரு வருஷம் முறைத்துக்கொண்டிருந்த அந்தச் சித்தப்பாவை எங்கள் மகள் கோவிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு வரவழைத்தவள் அவள்தான். அவர் வீட்டுக்குப் போனாள். காப்பி கொடுத்தார்கள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ‘நீங்க வாறேன்னு சொன்னாத்தான் மாமா குடிப்பேன்’ என்று சொல்லிவிட்டு, ஒன்றேகால் மணி நேரம் ஆறிப்போன காப்பியோடு உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா முதல் ஆளாக வந்து, கடைசிப் பந்தி வரை இருந்து பரிமாறிவிட்டுப் போனார். நான் பில்லியர்ட்ஸில் செய்ததெல்லாம் அதற்குக் கால் தூசி பெறாது.

சங்கத்துக்குள் அவள் நுழைந்தது அன்றுதான் முதல் தடவை. மேசையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். முழு நிறப் பந்துகள் எங்கள் வீட்டார், பட்டை போட்டவை சம்பந்தி வீட்டார், கறுப்பான எட்டாம் பந்து தாய்மாமன் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எட்டாம் பந்திடம்தான் முதலில் போனாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தாள். பிறகு மஞ்சளான ஒன்றாம் பந்தை மதினி என்றாள். சம்பந்தி வீட்டார் பக்கம் போகும்போது இன்னும் கொஞ்சம் தாழ்வாகக் குனிந்தாள். பத்தொன்பது வருஷமாகக் குனிந்த எனக்கு, அந்தப் பக்கம் கூடுதலாகக் குனிய வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

நான் வெள்ளைப் பந்தை அனுப்பினேன். அழைக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உருண்டு வந்தார்கள். ஆனால் பாக்கெட்டின் விளிம்பில் வந்து நின்றுவிட்டார்கள். ஆறு பாக்கெட்டுகளின் வாசலிலும் இரண்டும் மூன்றுமாகப் பதினைந்து பந்தும் நின்றன. ஒன்றுகூட உள்ளே விழவில்லை. சுவர்க் கடிகாரத்தில் ஐந்தே முக்கால். ஆறு மணிக்குச் சங்கம் மூடிவிடும். காசிராஜன் அண்ணாச்சி என் கோலை ஸ்டாண்டில் எங்கே வைப்பது வழக்கம் என்று தெரிந்தும், அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றிருந்தார்.

ஜெசிந்தா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

“கழுத்துல அடி பட்டதச் சொன்னீயளா இவியகிட்ட?”

“இல்ல.”

“ஒருத்தர்கிட்டக்கூடவா?”

“தொண்டை கட்டியிருக்குன்னு…”

அவள் மஃப்ளரை உற்றுப் பார்த்தாள்.

“கலியாணத்துக்குச் சொல்லாட்டாக்கூட மன்னிச்சிருவாங்க. பதினஞ்சு சொந்தத்த வச்சுக்கிட்டு மூணு மாசமா நோவ மறைச்சிருக்கீயளே. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உள்ள வருவாங்க?”

அவள் கிட்டே வந்து மஃப்ளரை அவிழ்த்தாள். வெயிலில் வெந்து, பட்டையின் ஓரமெல்லாம் வேர்க்குரு. எல்லாரும் பார்க்கும்படி என்னைத் தோளைப் பிடித்து ஒரு சுற்று திருப்பிக் காட்டினாள்.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா மருமவனே,” என்றது எட்டாம் பந்து.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து துடைத்துக்கொள்ள முடியாததால் அப்படியே வழியவிட்டேன்.

நோவு என்று தெரிந்தபிறகு வீட்டுக்கு வந்து பார்க்காமல் இருக்க அவர்களால் முடியாது. சங்கத்தில் வைத்துப் பார்த்ததைப் பார்த்ததாக எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். ஆகவே உடனே புறப்பட்டார்கள். மேசையை விட்டு வெளியே போகப் பாக்கெட்டைத் தவிர வேறு வாசல் கிடையாது. எட்டாம் பந்து முதலில் இறங்கியது. ஆட்டத்தில் அது முதலில் விழுந்தால் ஆட்டமே தோற்றது என்று கொள்ள வேண்டும். நோவு விசாரிக்கப் போகும்போது பெரியவர்தான் முன்னால் போக வேண்டும். அதன் பின்னால் எங்கள் வீட்டார், பிறகு சம்பந்தி வீட்டார். பதினைந்தும் தொம் தொம்மென்று விழுந்த சத்தத்தை நான் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்.

காசிராஜன் அண்ணாச்சி சிலேட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

“யார் பேர்ல எழுத?”

“அவிய யாரப் பாக்கப் போறாவளோ அவிய பேர்லயே எழுதுங்க அண்ணாச்சி,” என்றாள் ஜெசிந்தா.

அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். அதற்கு எதிராக அதில் ஒன்றும் இல்லை. என் பெயருக்கு நேரே பதினைந்து என்று எழுதினார். ஒரே நாளில் சங்கத்தில் யாரும் அத்தனை விழுத்தியதில்லை. பிறகு கொக்கியைச் சட்டைப் பைக்குள் நன்றாக அமுக்கிவிட்டு, “உடம்பப் பாத்துக்கோரும்,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மனசாரத்தான் சொன்னார்.

அவர்கள் வருமுன் நான் கட்டிலில் படுத்திருப்பதுதான் மரியாதை. ஆட்டோ பிடித்து விரைந்தோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்களுக்கு முன்னால் பதினைந்து பந்தும் வரிசையாகக் காத்து நின்றன. தடுப்புக்கு அடியில் தாராளமாக உருண்டு போய்விடலாம், ஒருவரும் போகவில்லை. அவர்கள் எங்களைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள். நாங்களும் அப்படியே இருந்தோம்.

வீட்டுக்கு இரண்டு டஜன் ஆரஞ்சுப் பழமும் ரொட்டியும் வந்தன. நான் போர்வை போர்த்திப் படுத்திருந்தேன். பழங்களும் விருந்தாளிகளும் ஒன்றாக உருண்டு வந்ததில், ஆரஞ்சு நிறமான ஐந்தாம் பந்து பழக்கூடையில் போய் உட்கார்ந்துவிட்டது. ஜெசிந்தா அதைக் கண்டுபிடித்தது யாருக்கும் தெரியாது. பழம் எடுப்பதுபோல எடுத்து, துடைத்து, நாற்காலியில் வைத்து, கையில் காப்பியும் கொடுத்துவிட்டாள். அவளைக் கட்டிக்கொள்ள நான் என்ன புண்ணியம் செய்தேனோ தெரியவில்லை.

வந்தவர்கள் முறைப்படி நடந்துகொண்டார்கள். எண்ணெய் தேய்க்கச் சொன்னார்கள், எண்ணெயே ஆகாது என்றார்கள். சம்பந்தி வீட்டுப் பன்னிரண்டாம் பந்து, இதே மாதிரி அடிபட்ட ஒருவர் பிழைக்கவில்லை என்று விவரமாகச் சொன்னது. கழுத்து என்றால் எப்படி இருக்கும் என்று ஏழாம் பந்து கேட்டது. அவர்களில் யாருக்கும் கழுத்து கிடையாது. பட்டையைக் கழற்றி ஒரு நிமிஷம் காட்டினேன். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ‘இவ்வளவு ஒல்லியானதா அந்தத் தலையச் சுமக்குது’ என்று எட்டாம் பந்து வியந்தது. நாற்பத்தெட்டு வருஷமாக என் கழுத்தைப் பற்றி யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. எனக்கு அதன்மேல் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பிரியம் வந்தது.

போகும்போது சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். நோவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது.

மூன்றாம் நாள் காலை மூன்றாம் பந்து மறுபடி வந்தது. இந்தத் தடவை வெற்றிலை பாக்குத் தட்டும் பத்திரிகையும் கொண்டுவந்திருந்தது. அதன் மகளுக்கும் பதினான்காம் பந்தின் மகனுக்கும் அடுத்த நாள் கல்யாணம். உருண்டையாக இருப்பவர்கள் குனிவதென்பது நடக்காத காரியம். நானும் ஜெசிந்தாவும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நேரில் வந்து அழைத்தார்கள், அது போதும்.

கல்யாணம் வடகிழக்கு மூலைப் பாக்கெட்டில். காசிராஜன் அண்ணாச்சி மேசைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு வைத்திருந்தார். ஜெசிந்தா பட்டுச்சேலையைக் கணுக்காலுக்கு மேலே கூட்டிப் பிடித்துக்கொண்டு முதலில் இறங்கினாள். எனக்குக் குனிவதற்கு இன்னும் மூன்று நாள் பாக்கி இருந்தது. ஆகவே கால்களை முதலில் உள்ளே விட்டேன். உள்ளேயிருந்து யாரோ என் கணுக்காலைப் பதமாகப் பிடித்து, படி இருக்கும் இடத்தைக் காட்டினார்கள். முதல் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.