டாலா வயலுக்கு அடியில்

கப்பலில் வேலை பார்த்த ஆண்ட்ரூ, 2003 மார்ச்சில் விடுப்புக்கு ரங்கூன் வந்தபோது, உலோகம் தேடும் கருவி ஒன்றை சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தான். நீளக் கம்பு, முனையில் வட்டத்தட்டு. மண்ணுக்கடியில் இரும்போ செம்போ இருந்தால் கீச்சென்று கத்தும். ஊருக்குள்ளேயே க்யிம்யிண்டைங் பக்கத்து ஆற்றங்கரையில் இரண்டு வாரம் அலைந்து, ஆணியும் சோடா மூடியுமாக ஒரு வாளி சேர்த்தான்.

அவன் மனைவி பெர்சிஸ் ஒரு இஞ்சினியரிடம் கட்டட பிளான் வரைகிறவள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"கண்ட இடத்துல தேடினா இதுதான் கிடைக்கும். ஜனங்க கூடின இடத்துலதானே காசு விழுந்திருக்கும்?"

"அது எங்கேன்னு யாருக்குத் தெரியும்?"

"படத்துக்குத் தெரியும்."

பன்சோடான் தெரு நடைபாதையில் பழைய புத்தகம் விற்கும் காஜா மைதீனிடம் சொல்லிவைத்து, வெள்ளைக்காரன் காலத்து நிலப்படம் ஒன்றை வாங்கினாள். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. இன்றைய படத்தின் அளவுக்கே அதைக் கட்டம் போட்டு டிரேசிங் தாளில் வரைந்து, மேலே வைத்துப் பார்த்தாள். கரை பொருந்தவேயில்லை, ஆறு எத்தனையோ மாறியிருந்தது. இடம் மாறாத ஒரு பகோடா கோபுரத்தையும் ஓடை வளைவையும் பிடித்துக்கொண்டு தாளை நகர்த்தினாள். பழைய படத்தில் குறித்திருந்த சந்தை, ஆற்றுக்கு அக்கரையில் டாலா பக்கம் ஒரு வயலில் போய் உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் படகில் ஆற்றைக் கடந்து, சைக்கிள் ரிக்‌ஷாவில் போனார்கள். வயலுக்குச் சொந்தக்காரி டோ டின் என்ற பர்மிய அம்மாள். தோண்டிய குழியை மூடிவிட வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுமதித்தாள். வயலை ஒட்டிய ஊர்க் குளத்தில் குடம் நிரப்பத் தன் முறைக்குக் காத்திருந்தாள் அவள். கோடையில் வீட்டுக்கு இரண்டு குடம்தான்.

மதியத்துக்குள் மூன்று செப்புக் காசு கிடைத்தது. ஆண்ட்ரூவுக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு ஓரிடத்தில் கருவி விடாமல் கத்தியது.

"பெட்டிதான்! இவ்வளவு அகலத்துக்குக் கத்துதுன்னா வேற என்ன?"

ஒரு முழம் தோண்டியதும் துருப்பிடித்த இரும்புத்தகடு தெரிந்தது. பெர்சிஸ் படத்தை விரித்தாள். சந்தையின் மூலையில் சின்ன வட்டம். அச்சில் விழுந்த கறை என்று அவள் விட்டுவிட்டது.

"ஏங்க, நில்லுங்க! அது மேல ஏறாதீங்க. கிணறு!"

ஆண்ட்ரூ துள்ளி விலகினான். ஓரத்தில் கடப்பாரை கொடுத்து தகட்டை நெம்பி, மண்கட்டி ஒன்றை உள்ளே போட்டான். கீழே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. டோ டின் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"பெட்டி போச்சு," என்று சிரித்தான் ஆண்ட்ரூ. முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. ஆனாலும் மறுநாள் ஊர்க்காரர்கள் தூர் வார வந்தபோது, கயிற்றைக் கட்டிக்கொண்டு முதலில் இறங்கியவன் அவன்தான்.

நான்கு நாளில் செங்கல் சுற்றுச்சுவர் அடிவரை தெரிந்தது. தண்ணீர் சற்று உப்பு; குடிக்க ஆகாது. குளிக்க, துவைக்க, மாட்டுக்கு எல்லாம் ஆயிற்று. குளத்து நீரைக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டதால் மழை வரும்வரை தாங்கியது.

விடுப்பு முடியுமுன் ஒருமுறை போனபோது டோ டின்னுடன் அடுத்த ஊர்க்காரர்கள் இருவர் இருந்தார்கள்.

"இவங்க ஊர்லயும் தண்ணிக் கஷ்டம். அந்த ஊர் உங்க படத்துல இருக்கா, மகளே?"

பெர்சிஸ் செருப்பைக் கழற்றிவிட்டு பாயில் உட்கார்ந்து, ஊர்ப்பெயரைக் கேட்டாள்.