உருக்கிக் காட்டுங்க

எங்கள் வீட்டில் அக்காவுக்குப் போலீஸ் என்று பெயர். வைத்தது அவள் வீட்டுக்காரர்தான். பால்காரர் ஊற்றிய பாலை மறுபடி அளப்பாள். மருந்துக் கடையில் மாத்திரையை எண்ணி வாங்குவாள். கல்யாணப் பெண் ரவிக்கைக்குக் கொடுத்த துணியில் விரல் நீளம் குறைந்தாலும், அளவு நாடாவோடு அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போய்விடுவாள். இப்படி ஒருத்தி பக்கத்தில் இருக்கும்போது நமக்கென்ன பயம் என்றுதான் அத்தையின் காப்பை விற்க அவளோடு கிளம்பினேன்.

விற்காமல் தீராது. நாங்கள் இருவரும் தையல் கடை வைத்திருக்கும் இரண்டு அறைகளையும் விற்கப்போவதாகக் கட்டடக்காரர் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் முன்பணம் கொடுத்தால் அறைகள் எங்களுக்கு, இல்லாவிட்டால் பக்கத்துச் செல்போன் கடைக்காரருக்கு. காப்பு முன்பணத்துக்குத்தான் காணும். மீதிக்கு வங்கியில் பதினைந்து வருஷக் கடன் பேசி வைத்திருந்தோம். அதுவரை இரண்டு பேருக்கும் கண்ணும் முதுகும் தாங்க வேண்டும்.

காப்பு, அத்தை பல வருஷம் பார்த்துக்கொண்ட ஒரு நோயாளி அம்மாள் சாகும்போது அவருக்குக் கொடுத்தது. அகலமான பட்டை. சுற்றிலும் கொடி, கொடிக்குள் குருவிகள். ஒவ்வொரு குருவிக்கும் இறகு தனித்தனியாகத் தெரியும். அத்தைக்குப் பிறகு எங்களிடம் வந்தது. எங்கள் இருவர் கைக்கும் அது பெரிது, அதனால் பெட்டியிலேயே கிடந்தது.

அக்கா அதை நூல்கண்டு டப்பாவுக்கு அடியில் வைத்து எடுத்துவந்தாள். காலையிலேயே அன்றைய தங்க விலையை மூன்று இடத்தில் கேட்டு ஒத்துப் பார்த்திருந்தாள். "கடையில நீ வாயைத் திறக்காத. உன் மூஞ்சியைப் பாத்தாலே விலையைக் குறைப்பானுங்க" என்று எனக்கு உத்தரவு வேறு.

முதல் கடையில் பற்றவைப்பு, அழுக்கு என்று எதையெதையோ கழித்தார்கள். இரண்டாவது கடையில் இன்னும் அதிகமாகக் கழித்தார்கள். அக்கா இரண்டு இடத்திலும் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மூன்றாவது சின்னக் கடை. கண்ணாடி போட்ட முதலாளி மட்டும் இருந்தார். காப்பைக் கையில் வாங்கியவர், பூதக்கண்ணாடியை வைத்துக் கொக்கியின் உள்பக்கத்தையே வெகுநேரம் பார்த்தார். எடை போட்டார். உரசிப் பார்த்தார்.

"நல்ல தங்கம்மா. கழிவே வேண்டாம். இன்னிக்கு விலையை முழுசாத் தர்றேன். மேலயும் கொஞ்சம் போட்டுத் தர்றேன்" என்றார்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அக்காவின் முகம் மட்டும் சுருங்கியது. என் காதில், "கழிவே இல்லாம எவன்டி குடுப்பான்? தராசுல கைவரிசை காட்டியிருக்கான்" என்றாள். அவரிடம் சத்தமாகவே சொன்னாள்.

"உருக்கிக் காட்டுங்க. எங்க கண் முன்னாடி உருக்கி, வேற தராசுல எடை போட்டுக் குடுங்க."

"உருக்கறதெல்லாம் எதுக்கும்மா? வீண் வேலை" என்றார் அவர். சொன்ன வேகத்திலேயே விலையை இன்னும் ஏற்றினார்.

அவர் ஏற்ற ஏற்ற அக்காவின் சந்தேகமும் ஏறியது. சந்து முனையில் எல்லாக் கடைக்கும் பொதுவாக ஓர் உருக்குப் பட்டறை இருந்தது. காப்பை வாங்கிக்கொண்டு அங்கே நடந்தாள். முதலாளி கடையை அப்படியே விட்டுவிட்டு எங்கள் பின்னாலேயே ஓடிவந்தார். எனக்கே சங்கடமாக இருந்தது.

பட்டறைக்காரர் காப்பைத் துண்டு போடக் கத்தரியை எடுத்தார்.

"இருப்பா, இருப்பா" என்று முதலாளி அவர் கையைப் பிடித்தார். எங்கள் பக்கம் திரும்பி, "ஒன்றரை மடங்கு தர்றேன். இப்பவே, ரொக்கமா" என்றார். அவர் நெற்றியெல்லாம் வியர்வை.

"அக்கா, குடுத்துடலாம்க்கா" என்றேன். வாயைத் திறக்காதே என்ற உத்தரவெல்லாம் எனக்கு மறந்துபோயிருந்தது.

"நீ சும்மா இரு" என்றாள். அவரை நேருக்கு நேர் பார்த்தாள். "தங்கத்துக்கு ஒரு விலைதான். ஒன்றரை மடங்கு எதுக்குத் தர்றீங்க? காரணத்தைச் சொல்லுங்க, குடுத்துடறேன்."

சரியான கேள்வி. இன்றைக்கும் சொல்வேன், அதைவிடச் சரியான கேள்வியை அங்கே யாரும் கேட்டிருக்க முடியாது. அந்த மனிதர் காப்பையும் கத்தரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேலைப்பாடு அழகா இருக்கு. என் பொண்ணுக்குப் போடலாம்னு..." என்று இழுத்தார்.

அக்கா சிரித்தாள். "எங்ககிட்டயேவா?" என்றாள். பட்டறைக்காரரிடம், "நீங்க வெட்டுங்க" என்றாள்.

கத்தரி இரண்டு தடவை இறங்கியது. துண்டுகளை மண்கிண்ணத்தில் போட்டு நெருப்பைப் பீய்ச்சினார். இறகுகள் முதலில் மழுங்கின. பிறகு கொடி எது, குருவி எது என்று தெரியவில்லை. கடைசியில் பழுத்த எலுமிச்சை நிறத்தில் ஒரு துளி கிண்ணத்தில் உருண்டது.

நகைக்கடைக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வளர்ந்த ஆள், தொழில்காரர், தேம்பித் தேம்பி அழுதார். மாட்டிக்கொண்ட திருடன் நடிக்கிறான் என்று அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

"அது யார் செஞ்சதுன்னு தெரியுமா?" என்று அவர் கத்தினார். "கொக்கிக்குள்ள ஒரு பழைய ஆசாரியோட முத்திரை இருந்துச்சு. அவர் செஞ்சதுல உலகத்துலயே ஏழெட்டுதான் மிச்சம். எட்டு மடங்கு போயிருக்கும்மா! எட்டு மடங்கு!"

"பொய்" என்றாள் அக்கா.

அவர் செல்போனைத் தேடி எடுத்து நீட்டினார். ஏலத்தில் போன ஒரு காப்பின் படம். அதே கொடி, அதே குருவி, எங்களுடையதைவிடப் பட்டை குறுகல். கீழே விலை. நான் பூஜ்யங்களை எண்ணினேன். தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடியும் எண்ணினேன். அந்தப் பணத்துக்கு எங்கள் இரண்டு அறைகளையும் கடனே இல்லாமல் அன்றைக்கே வாங்கியிருக்கலாம்.

"ஏன்யா சொல்லலை? அவ கேட்டாளே, நேருக்கு நேர் கேட்டாளே!" என்று நான் கத்தினேன். அவர் சட்டையைப் பிடித்திருப்பேன், பட்டறைக்காரர் குறுக்கே வந்துவிட்டார்.

"சொல்லியிருந்தா எட்டு மடங்கு கேட்டிருப்பீங்களே" என்றார் அவர், அழுதுகொண்டே.

பட்டறைக்காரர் தங்கத்தைத் தண்ணீரில் போட்டார். "எனக்கென்னம்மா தெரியும், குடுத்தா உருக்குவேன்" என்று பொதுவாகச் சொன்னார். எடை போட்டார். கடைத் தராசு காட்டிய எடைதான். கைவரிசையெல்லாம் ஒன்றும் இல்லை.

முதலாளி அன்றைய விலையை எண்ணிக் கொடுத்தார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அக்கா வாங்கி எண்ணாமலே பையில் போட்டாள். கட்டடக்காரர் வீட்டுக்கு எனக்கு முன்னால் நடந்தாள். திட்டலாம் என்று நான் இரண்டு தடவை வாயெடுத்தேன். அவள் நடையைப் பார்த்தால் திட்டவும் முடியவில்லை. ஒரு தடவை மூடியிருந்த ஒரு கடைக் கதவில் மோதிக்கொண்டாள்.

கட்டடக்காரர் முன்பணத்தை வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியாகப் பேசினார். "முழுப் பணமும் சேர்த்துக் குடுத்திருந்தா விலையில கொஞ்சம் குறைச்சிருப்பேன். போகட்டும், பதினஞ்சு வருஷம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்" என்றார். பிறகு அக்கறையாகக் கேட்டார்: "நகையை வித்துத் தர்றதாச் சொன்னீங்களே. பத்திரமா வித்தீங்களா? ஒண்ணும் ஏமாத்திடலையே?"

அக்கா பையின் வாரை முறுக்கினாள். நான்தான் சொன்னேன்.

"ஏமாத்தப் பாத்தாங்க. அக்கா விடலை."

எவ்வளவு கொடுமையான பதில் என்று சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. கட்டடக்காரர், "கெட்டிக்காரிம்மா நீ!" என்று அவளைப் பாராட்டினார். அக்கா அவரைப் பார்த்து ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவர் உள்ளே போன பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.